உயிர் போன போர்டும் எட்டுக்கால் சிப்பும்

பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுபோன கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. கடைக்குக் கொண்டுபோனால் "போர்டு செத்துப்போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். பெரும்பாலும் அந்தப் போர்டில் எதுவும் எரிந்திருக்காது. ஒரு சின்ன சிப்பில் எழுதியிருந்தது கலைந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

இன்டெல் வகை ப்ராசசர் விழித்ததும் முதல் கட்டளையை எடுப்பது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால் உள்ள முகவரியில் இருந்து. அது ராமில் இல்லை, போர்டில் இருக்கும் எட்டுக்கால் ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது. ராமை எழுப்புவதே அந்தச் சிப்பில் உள்ள நிரல்தான். அது குழம்பினால் ராமும் இல்லை, படமும் இல்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் செய்த வேலையும் இதுவேதான்.

உங்கள் போர்டில் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பாதிக் கவலை விட்டது. பென் டிரைவை ஃபேட்32 ஆக மாற்றி, கம்பெனி சொன்ன பெயரில் ஃபைலைப் போட்டு, அதற்கென்று உள்ள யுஎஸ்பி துளையில் செருகி அழுத்தினால் போதும். ப்ராசசரே இல்லாமல்கூட அது வேலை செய்யும்.

பட்டன் இல்லையென்றால் நேராகச் சிப்பிடம்தான் போகவேண்டும். சிஎச்341ஏ என்ற மலிவான ப்ரோகிராமரும், சிப்பின் மேல் கவ்வும் ஒரு கிளிப்பும் வேண்டும். பவர் வயரைப் பிடுங்கி, பட்டன் செல்லையும் கழற்றிவிடுங்கள். அடுத்து, சிப்பின் மேல் உள்ள எண்ணை லென்ஸ் வைத்தாவது படித்து, அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பாருங்கள். கருப்பு நிறத்தில் வரும் ப்ரோகிராமர்கள் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வந்துவிடும். 1.8 வோல்ட் சிப்பில் அதை மாட்டினால், சாகாத போர்டை நாமே சாகடித்த மாதிரி ஆகிவிடும்.

இதற்குப் பிறகு எல்லோரும் புது ஃபைலை எழுத ஓடுகிறார்கள். நான் சொல்வது: முதலில் படியுங்கள். கெட்டுப்போனதைப் படித்து என்ன பயன் என்று தோன்றும். ஆனால் கம்பெனி தளத்தில் கிடைக்கும் ஃபைல் எல்லா போர்டுக்கும் பொது. உங்கள் போர்டுக்கே உரிய சீரியல் எண், லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸ் சாவி, பல இன்டெல் போர்டுகளில் நெட்வொர்க் மேக் முகவரி, எல்லாம் அந்தக் கலைந்த சிப்பில்தான் கிடக்கின்றன. அப்டேட் பாதியில் நின்றாலும் அந்தப் பகுதிகள் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரின் போர்டு கரண்ட் போனதில் இப்படி ஆகி என்னிடம் வந்தது. அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் மேக் முகவரியோடு கட்டப்பட்டது. "அண்ணே, மெஷின் போனா பரவால்ல, பில்லிங் போச்சுன்னா கடையையே மூடணும்" என்றார். இரண்டு முறை படித்து ஒப்பிட்டால் இரண்டும் வேறுவேறு! கிளிப் சரியாகக் கவ்வவில்லை. அழுத்தி மாட்டி மறுபடி படித்ததும் மூன்று காப்பியும் அச்சு அசலாக ஒன்று.

யுஇஎஃப்ஐடூலில் திறந்தால் நெட்வொர்க் பகுதி, வெறும் 8 கேபி, சேதமில்லாமல் இருந்தது. அதை எடுத்துப் புது ஃபைலில் அதே இடத்தில் வைத்தேன். இப்படிச் செய்யாமல் பொது ஃபைலை அப்படியே எழுதினால், 88:88:88:88:87:88 என்ற பொது முகவரியோடு எழுந்து நிற்கும் போர்டுகள் உண்டு. எழுதும் ஃபைலின் அளவும் சிப்போடு பைட் பிசகாமல் பொருந்தவேண்டும். 128 மெகாபிட் சிப் என்றால் 1,67,77,216 பைட். கம்பெனி ஃபைல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தலைப்பகுதியில் ஒட்டியிருக்கும் உறையை நீக்கவேண்டும்.

எழுதி, சரிபார்த்து, கிளிப்பைக் கழற்றிப் பவர் கொடுத்தபின் ஒரு நிமிடம் போலத் திரை கருப்பாகவே இருக்கலாம். ராமைப் புதிதாகப் பழகிக்கொண்டிருக்கிறது. பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள். கடைக்காரரின் மெஷின் எழுந்ததும் முதலில் தேதியையும் நேரத்தையும் கேட்டது. மேக் முகவரி பழையதேதான், பில்லிங்கும் திறந்தது.