பட்டறைக்கு வரும் மாணவன்

ஏற்காட்டுக்கு ஏற இரண்டு மலைப் பாதைகள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வது ஒன்று. குப்பனூரிலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறுவது மற்றொன்று. மேலே போகிறவர்கள் குளிர்ந்த காற்றையும் காப்பித் தோட்டங்களையும் நாடிப் போகிறார்கள். கீழே இறங்குகிறவர்களிலோ, பிழைக்க ஒரு தொழில் வேண்டும் என்று வரும் வாலிபர்களும் யுவதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் இடம் சேலத்துக் கொலுசுப் பட்டறையாக இருக்கலாம். மோட்டார் பழுது பார்க்கும் கொட்டகையாக இருக்கலாம். பெரிய இயந்திரச் சாலையாகவும் இருக்கலாம். அங்கே அவர்களைத் தொழில் பழகச் சேர்த்துக் கொள்ளும் முதலாளி என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நமது தேசத்தில் தொழில் பழக்குவது புதிதன்று. கொல்லனிடமும் தச்சனிடமும் தட்டானிடமும் சிறுவர்களைக் கொண்டுவந்து விடுவது நெடுநாளைய வழக்கம். துருத்தி ஊதுவதும், பட்டறை பெருக்குவதும், கடைக்கு ஓடுவதுமாக முதல் வருஷங்கள் கழிந்துவிடும். ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றவன் கெட்டிக்காரன். கற்காதவன் கடைசி வரையில் எடுபிடி. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆண்ட காலத்தில், 1850-ல், இதற்கு ஒரு சட்டம் பிறந்தது. 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை ஓர் எஜமானிடம் ஒப்பந்தத்தால் பிணைத்து வைக்க அது இடம் கொடுத்தது. அநாதைப் பிள்ளையானால், காப்பாளர் ஸ்தானத்தில் மாஜிஸ்திரேட்டே நின்று பிணைத்து விடலாம்!

சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் 1961-ல் வேறொரு தொழிற்பழகுநர் சட்டத்தை இயற்றியது. 1962 மார்ச்சு 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதன் உயிர்நாடி ஒரே வாக்கியத்தில் அடங்கும்: பழகுநர் கற்க வந்தவர், வேலையாள் அல்லர்.

இந்த வாக்கியத்தை முதலாளிகள் இருவிதமாகப் படிக்கிறார்கள். “வேலையாள் அல்லவே! ஆகையால் சம்பளச் சட்டங்களின் தொல்லை நமக்கு இல்லை” என்று படிப்பது ஒரு விதம். “கற்க வந்தவர், ஆகையால் கற்பிக்கும் கடமை நம்முடையது” என்று படிப்பது மற்றொரு விதம். முதல் விதமாகப் படித்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு கண்டறிந்திருக்கிறது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், மேற்கு ஜில்லாக்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால் ஏழைப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்திற்கு உதவும் ஒரு மொத்தத் தொகை என்பது வாக்குறுதி. அவர்களுக்கு இடப்பட்ட பெயர் ‘பழகுநர்’. பல இடங்களில் அவர்கள் செய்ததோ முழு வேலை. தங்கியதோ வெளியே செல்ல அனுமதியில்லாத விடுதி. நடுவில் விட்டுப் போனவர்களில் பலர் அந்தத் தொகையை இழந்தார்கள். ஒரு நூலைப் பிணைக்கச் சில மாதங்களில் கற்றுக் கொள்ளும் பெண்ணுக்கு மூன்று வருஷம் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால், பதில் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே, முதலாளி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “எத்தனை பேர் வேண்டும்?” என்பதன்று; “யார் கற்பிப்பார்?” என்பதே.

எண்ணிக்கையைப் பற்றி விதி தெளிவாகவே இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும். 40 பேர் உள்ள பட்டறைக்கு, குறைந்தது ஒருவர். அதிகம் போனால் ஆறு பேர். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு பட்டறைகள் விரும்பினால் சேர்க்கலாம். வயது 14 நிறைந்திருக்க வேண்டும். அபாயமான தொழில்களுக்கு 18.

சேர்க்கும்போது எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம். வயது வராதவரானால் காப்பாளர் கையொப்பமிட வேண்டும். அந்த ஒப்பந்தம் பதிவு செய்யப்படவும் வேண்டும். மாத உதவித்தொகை 2019 விதிகளில் ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு ரூ. 5,000, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு ரூ. 6,000, பட்டதாரிக்கு ரூ. 9,000 என்று குறைந்த அளவாக வைக்கப்பட்டது. இது அவ்வப்போது திருத்தப்படக் கூடியது. ஒப்பந்தம் எழுதும் நாளில் உள்ள அளவைப் பார்த்துக் கொள்வது முதலாளியின் பொறுப்பு. 2016-ல் தொடங்கிய தேசியத் திட்டம், உதவித்தொகையில் கால் பங்கை, ரூ. 1,500-க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்க வகை செய்தது. பத்தாம் வகுப்பு தேறியவரின் ரூ. 6,000 என்ற கணக்கில், முதலாளியின் கையிலிருந்து போவது ரூ. 4,500.

செய்யக் கூடாதவையும் உண்டு. பழகுநருக்கு உருப்படிக் கணக்கில் கூலி பேசக் கூடாது. அனுமதியின்றி மிகைநேர வேலை வாங்கக் கூடாது. விபத்து நேர்ந்தால், தொழிலாளிக்குப் போலவே இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. ஒப்பந்தப்படி நடவாமல் முதலாளியே பயிற்சி முறியக் காரணமானால், அதற்கும் நஷ்டஈடு உண்டு. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை; ஆனால் அதைப் பற்றித் தமக்கென ஒரு கொள்கையை வகுத்துக் கொள்ளும்படி 2014-ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. அந்தக் கொள்கையை முதல் நாளிலேயே பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுவது நேர்மை. இல்லாத வேலையை இருப்பதுபோல் காட்டி அழைத்தால், ஏமாற்றத்தோடு ஊர் திரும்புகிறவன் அடுத்து வரக்கூடிய பத்துப் பேரையும் தடுத்து விடுவான்.

சட்டம் எழுதாத சில காரியங்களும் இருக்கின்றன. கைதேர்ந்த மேஸ்திரி நல்ல ஆசானாகவும் இருப்பார் என்று நினைப்பது தவறு. ஆகையால், பொறுமையுள்ள ஒருவரைத் தேர்ந்து, அவருக்குக் கற்பிக்க நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் உற்பத்தி குறைவதை மனமார ஏற்க வேண்டும். மாதத்திற்கு ஒரு பாடம் என்று எழுதி வைத்து, கற்றது எது, கல்லாதது எது என்று குறித்து வர வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து வருகிறவருக்குத் தங்க இடமும் கடைசிப் பஸ்ஸின் நேரமும் தலைமுழுகும் கவலைகள். அவற்றைக் கேட்டறியாத முதலாளி, “மலைப் பிள்ளைகள் நிலைத்து நிற்பதில்லை” என்று குறை சொல்வதில் பயன் இல்லை.

இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொழில் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத முதலாளி உண்டா? அந்த ஆள் எங்கோ ஆயத்தமாகி வந்து நிற்பவரல்லர். யாரோ ஒருவருடைய பட்டறையில், யாரோ ஒருவருடைய பொறுமையால் உருவாகிறவர். எல்லோரும் பிறர் உருவாக்கியவரையே எதிர்பார்த்திருந்தால், உருவாக்குகிறவர் யார்? தேசத்தில் தொழில் வளர வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. ஒரு பிள்ளையின் கையில் அரத்தைக் கொடுத்து, அதைப் பிடிக்கும் விதத்தைக் காட்டி, அவன் கெடுக்கும் முதல் இரும்புத் துண்டின் நஷ்டத்தைத் தாங்கிக் கொள்கிற முதலாளியே அதைச் செய்து காட்டுகிறவர்.