பிழையைச் சுட்டலாம், ஆளைச் சுடலாமா?

கேமரன் மலையில் ஜே.ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தின் பெயர் 'போ'. தமிழ்க் காதுக்கு அது யாரையோ விரட்டுவது போலக் கேட்கும். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில்தானே இருக்கிறது! மலாயாத் தோட்டங்களில் துரைக்கும் கிராணிக்கும் 'போங்க' கிடைத்தது. கொழுந்து பறித்தவருக்கும் பால்மரம் வெட்டியவருக்கும் பெரும்பாலும் 'போ'தான்.

இது சின்ன விஷயமா? 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் போன்றோர் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பளத்தோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வயிற்றுக்குக் கேட்ட அதே மூச்சில் மானத்துக்கும் கேட்டார்கள். மே மாதம் நாதன் கைதானார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் சிலர் மாண்டனர்.

அதற்கு முன் பல்லாண்டுகள் ஏச்சைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலையை விட்டால் கூரையும் போய்விடும். ஆகவே, ஏசியவருக்கு நட்டமே தெரியவில்லை.

திறந்த மூல மென்பொருளில் நிலைமை வேறு. அங்கே நிரலை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பல நாட்டவர் முகம் பாராமல், எழுத்து வழியாகவே சேர்ந்து உழைக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் செய்பவர்களும் உண்டு. திட்டு வாங்கியவர் சண்டை போட மாட்டார். அடுத்த வாரம் வரமாட்டார், அவ்வளவுதான்.

1991-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுஞ்சொல்லுக்குப் பெயர் போனவர். தரம் காக்கத்தான் இந்தக் கடுமை என்று பலர் பரிந்து பேசினார்கள். 2013-இல் யு.எஸ்.பி. 3.0 பகுதியைக் கவனித்துவந்த ஒரு நிரலர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். 2015-இல் தாம் விலகியதை அறிவித்தார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே வேளையில் லினக்ஸ் குழு நடத்தை விதிகளையும் ஏற்றது. அவை எழுதியவரைத் தாக்குவதைத்தான் தடுக்கின்றன. தவறான நிரலை ஏற்கச் சொல்லவில்லை.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பார்க்கலாம். "முற்றிய இலை கலந்திருக்கிறது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் போதும்" என்று மண்டோர் சொன்னால் அடுத்த கூடை திருந்தும். "கண் அவிஞ்சு போச்சா?" என்றால் கூடையில் எது தவறு என்றே தெரியாது. நிரலிலும் அப்படித்தான். "நாற்பதாவது வரியில் எடுத்த நினைவகத்தைத் திருப்பி விடவில்லை" என்று எழுதினால், அனுப்பியவர் அன்று மாலையே திருத்தி அனுப்பிவிடுவார்.