வீடு திரும்பிய பின்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். லேடி வில்லிங்டன் பெயரால் நடந்துவந்த பழைய மருத்துவமனையை மத்திய அரசு 1955-இல் ஏற்று இந்நிலையத்தை அமைத்தது. இத்தகைய நிலையங்களிலிருந்து வீடு திரும்புவோர் எவ்வாறு வாழவேண்டும், ஊரார் அவர்களை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

தொழுநோய் தீரும் நோயே. உலகச் சுகாதார நிறுவனம் 1982-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ தவறாது உட்கொண்டால் போதும். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, நெடுநாள் கெட்ட நரம்பை மீட்டுத் தராது. மரத்துப்போன கையும் காலும் அப்படியே நின்றுவிடுவதுண்டு. வலி என்பது உடலின் காவற்காரன். அவன் இல்லாத வீட்டைக் கண்தான் காக்கவேண்டும்.

1947-இல் திருமணிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல் மடங்கிய நோயாளி ஒருவரின் கைப்பிடி வலுவாயிருக்கக் கண்டு வியந்தார். பின்னர் வேலூரில் அறுவைச் சிகிச்சையால் பலருடைய கைகளைச் சீராக்கினார். அங்கே நவஜீவ நிலையம் என்ற இல்லத்தில் தச்சுத் தொழிலும் கற்பிக்கப்பட்டது. உறங்கி எழுந்தவர்களின் விரல்களில் புதுப்புண் காணப்படவே, காரணத்தை ஆராய்ந்தனர். இரவில் எலி கடிப்பது தெரியவந்தது, கடிபட்டவர் உணரவில்லை. அதுமுதல் அங்கிருந்தோருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் உணரப்படாத காயமே என்பதை அவர் இவ்வாறு கண்டறிந்தார். குடிசையில் உறங்குவோர் இன்றும் மறக்கலாகாத பாடம் இது.

ஆதலின், நாள்தோறும் மாலையில் கை கால்களைப் பார்வையிடுதல் முதற்கடமை. உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். பின்பு 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவவேண்டும். சிவப்போ, கொப்புளமோ, சூடோ கண்டால் அப்பகுதிக்கு ஓய்வு கொடுத்துச் சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும்.

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கத் தடித்த துணி வேண்டும். மண்வெட்டி, உளி, சுத்தியல் ஆகியவற்றின் பிடியைத் துணி சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாம். மாமல்லபுரம் பக்கம் வலை இழுப்போரும் சிற்பவேலை செய்வோரும் இடையிடையே கையைப் பார்த்துக்கொள்வது நன்று. பகலில் கடற்கரை மணல் சுடும், கிளிஞ்சல் காலைக் கிழிக்கும், வெறுங்காலோடு நடக்கலாகாது. ஆணி அடிக்காத, மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பே ஏற்றது. உணர்ச்சியற்ற காலுடையோருக்கு அரசுத் திட்டத்தின் கீழ் அது இலவசமாக வழங்கப்படுகிறது.

ஆனால் அச்செருப்பைக் கண்டு ஊரார் நோயை அறிந்துவிடுவரே என அஞ்சி, அதை மூலையில் போட்டுவிடுவோர் உண்டு. சில வாரங்களில் புண் வரும், கூலிவேலை போகும், மீண்டும் மருத்துவமனைப் படுக்கையே கதியாகும். இக்குற்றம் யாருடையது? அவருடையது மட்டுமன்று.

தொழுநோயிலிருந்து குணமடைந்தோரை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஊனம் உள்ளவர் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெற்று, உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு ஊராட்சி மன்றத்தார் துணைநிற்கவேண்டும்.

மருந்தைச் சர்க்கார் கொடுத்தது. பயிற்சியை நிலையம் கொடுத்தது. தேநீர்க் கடையில் அதே குவளையையும், களத்தில் அதே கூலியையும், திருமணப் பந்தியில் ஓர் இலையையும் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.