அப்பாவுக்கு வந்தால் மகனுக்கும் வருமா?

புராஸ்டேட் புற்றுநோய் சில குடும்பங்களில் மட்டும் அடுத்தடுத்து வருவது ஏன்? அப்பாவுக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்காகிறது. இதற்கு முக்கியக் காரணம், டி.என்.ஏ.வில் பரம்பரையாக வரும் மாற்றங்கள்.

இவற்றில் சில அரிதானவை, ஆனால் வலிமையானவை. அறுந்த டி.என்.ஏ. இழையைச் சரிசெய்ய பி.ஆர்.சி.ஏ.2 மரபணு தேவை. அது பழுதானால் செல்லில் பிழைகள் குவியும். நோய் இளம் வயதிலேயே, தீவிரமாக வரக்கூடும்.

மற்றவை பலரிடமும் இருப்பவை. ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும். 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 8ஆவது குரோமோசோமில் அப்படியொரு மாற்றத்தை அடையாளம் கண்டார்கள். அந்தப் பகுதியில் மரபணுக்களே மிகக் குறைவு. ஆனால், செல் பெருக்கத்தைத் தூண்டும் 'மிக்' மரபணு அருகில் இருக்கிறது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.என்.ஏ. துண்டுகள் இப்பகுதியில் உள்ளன. இப்படி நூற்றுக்கணக்கான மாற்றங்கள் இன்று தெரியும். பல ஒருவரிடமே சேரும்போது ஆபத்து கூடுகிறது.

மாற்றம் இருந்தாலே நோய் நிச்சயம் என்பதில்லை. ஆனால் குடும்பத்தில் புராஸ்டேட் புற்றுநோயோ, பி.ஆர்.சி.ஏ.2 பழுதால் வரக்கூடிய மார்பக, சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், 40 வயதைத் தாண்டிய ஆண்கள் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லி, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.