புவியியலாளர்கள் ஏன் படம் போடுகிறார்கள்?

புவியியல் கருத்தரங்கு என்றால் வரைபடம், புள்ளிவிவரம், கட்டுரை வாசிப்பு என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் பண்பாட்டுப் புவியியலாளர்கள் கூடும் இடங்களில் ஒரு மாலைப்பொழுதைப் படத்துக்கென்றே ஒதுக்குவதும் உண்டு. பல நேரங்களில் உள்ளூர் மக்களுக்கும் அங்கே அனுமதி உண்டு. படம் முடிந்ததும் இயக்குநர், ஆய்வாளர், பார்வையாளர் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

ஓர் இடத்தை யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள், யார் அங்கிருந்து ஒதுக்கப்படுகிறார்கள், அந்த இடத்தின் தோற்றம் எதை மறைக்கிறது என்பவை இத்துறையின் கேள்விகள். இதில் திரைப்படத்துக்கு என்ன வேலை? பிரிட்டனில் நடந்த ஒரு கூட்டு முயற்சியைப் பார்த்தால் புரியும்.

பேட்ரிக் கீலர் கட்டடக்கலை படித்துவிட்டுப் படமெடுக்க வந்தவர். 'லண்டன்' (1994), 'ராபின்சன் இன் ஸ்பேஸ்' (1997) ஆகிய இரு படங்களிலும் ராபின்சன் என்ற கற்பனை ஆய்வாளரைத் திரையில் காட்டாமலேயே இங்கிலாந்தைச் சுற்றவைத்தார். மூன்றாவது படத்தை ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமாகவே தொடங்கினார். புவியியல் பேராசிரியர் டோரீன் மாஸ்ஸியும் பண்பாட்டு வரலாற்றாசிரியர் பேட்ரிக் ரைட்டும் கூட்டாளிகள். இடப்பெயர்வு பற்றி ஓயாமல் பேசும் அறிவுலகம், சொந்த ஊர், நிலையான வீடு என்ற ஏக்கத்தை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறது? இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

கீலர் 2008-இல் ஆக்ஸ்போர்டுஷயர், பெர்க்ஷயர் வட்டாரங்களில் 35 மி.மீ. கேமராவுடன் அலைந்தார். அந்தப் படம்தான் 'ராபின்சன் இன் ரூயின்ஸ்' (2010). அதில் ஒரு காட்சி: சிலந்தி ஒன்று வலை பின்னுகிறது. கேமரா அசையவே இல்லை. ஒவ்வோர் இழையாக அது சுற்றிச் சுற்றிக் கட்டுவதை நிமிடக்கணக்கில் பார்க்கிறோம். அதன் மேல் வனெஸ்ஸா ரெட்கிரேவின் குரல், அந்த ஆண்டு உலக நிதிச் சந்தை சரிந்த கதையை நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இன்னோர் இடத்தில், சாலை வழிகாட்டிப் பலகையில் படர்ந்த பாறைப்பாசியைக் கண்ணுக்கு நெருக்கமாகக் காட்டுகிறார்.

படத்தில் வரும் அழகான வயல்வெளி என்றென்றும் அப்படியே இருந்தது போலத் தோன்றும். ஆனால் பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியார் எடுத்துக்கொண்ட வரலாறு அதற்குள் இருக்கிறது. 1596-இல் அந்த வேலியடைப்புக்கும் உணவு விலையேற்றத்துக்கும் எதிராக என்ஸ்லோ குன்றில் திரள முயன்றவர்கள் ஒடுக்கப்பட்ட கதையையும், அமெரிக்க ஏவுகணைகள் நிறுத்தப்பட்டிருந்த கிரீனம் காமன் நிலத்தையும் படம் தொட்டுச் செல்கிறது. ஓர் இடம் என்பது முடிந்துபோன பொருள் அல்ல, பல கதைகள் இன்னும் சந்தித்துக்கொண்டிருக்கும் புள்ளி என்று மாஸ்ஸி நெடுங்காலமாக வாதிட்டு வந்தார். 'ஃபார் ஸ்பேஸ்' (2005) நூலின் மையமும் அதுவே.

ஆய்வுக் கட்டுரையில் அலுத்துப்போனால் பக்கத்தைத் தள்ளிவிடலாம். அரங்கில் நூறு பேர் ஒரே வயலை ஒரே நேரம் பார்த்தாக வேண்டும். விவசாயி பயிரைப் பார்க்கிறார், மாணவி வேலியைப் பார்க்கிறார், வேறொருவருக்குத் தாத்தா இழந்த நிலம் நினைவுக்கு வருகிறது. பிறகு நடக்கும் வாக்குவாதத்தை நான் ஆய்வின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். படத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டுப் பேச்சுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் அமைப்பாளர்கள் அந்த ஆய்வை வெட்டிவிடுகிறார்கள். கீலரின் முயற்சி அரங்கோடும் நிற்கவில்லை. 2012-இல் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் 'ராபின்சன் இன்ஸ்டிடியூட்' என்ற கண்காட்சியாக விரிந்தது.

புவியியலுக்கும் படத்துக்கும் உள்ள இந்த உறவு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பாரிஸ் வங்கியாளர் ஆல்பர்ட் கான், 'பூமியின் ஆவணக் காப்பகம்' என்ற தன் திட்டத்தின் பொறுப்பை 1912-இல் புவியியலாளர் ழான் புரூனிடம் ஒப்படைத்தார். அவருக்காகவே கொலேஜ் த பிரான்ஸில் மானுடப் புவியியலுக்கு ஓர் இருக்கையும் கானின் பணத்தில் உருவானது. இந்தியா உட்பட சுமார் 50 நாடுகளிலிருந்து 72,000 வண்ணப் படங்களும் நூறு மணி நேர அளவுக்குப் படச்சுருள்களும் சேர்ந்தன. ஆனால் பூலோன் நகரிலிருந்த கானின் மாளிகையில் அவற்றைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அழைப்பு பெற்ற அறிஞர்களும் பிரமுகர்களும்தான். 1929 பங்குச்சந்தைச் சரிவு கானின் செல்வத்தை விழுங்கியது, திட்டமும் நின்றுபோனது.

கெங்கோ குமா வடிவமைத்த புதிய கட்டடத்துடன் அதே வளாகத்தில் கானின் தொகுப்புக்கான அருங்காட்சியகம் 2022-இல் மீண்டும் திறந்தது. டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வண்ணப் படங்களின் பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம்.