பகலில் வங்கி மேஜை, மாலையில் நாடக மேடை
மராட்டியச் சிறுவர்களுக்காக 30 ஆண்டுகள் உழைத்த ரத்னாகர் மத்கரி

தாதர் ரெயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால், பிளாசா சினிமாவுக்கு எதிரே சிவாஜி மந்திர் நாடக அரங்கு இருக்கிறது. காய்கறி வாங்கவும் பஸ் பிடிக்கவும் அந்த வழியே போகும் நம்மவர்கள் ஏராளம். வாசலில் மராட்டிய நாடக விளம்பரப் பலகைகள் வரிசையாக நிற்கும். நின்று படிப்பவர்கள் குறைவு.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி அந்த அரங்கில் ஒரே நாடகம் ஒரே நாளில் ஐந்து தடவை நடந்தது. பெரிய நட்சத்திர நடிகரின் காதல் நாடகம் அல்ல. ‘அல்பத்யா கல்பத்யா’ என்ற சிறுவர் நாடகம்! சிஞ்சி என்ற சூனியக்காரக் கிழவி மேடைக்கு வந்ததும் குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். அவர்களைக் கூட்டி வந்த அப்பாக்களில் பலர், தங்கள் சின்ன வயதில் இதே கிழவியைப் பார்த்துப் பயந்தவர்கள்.

அந்தக் கிழவியைப் படைத்தவர் ரத்னாகர் மத்கரி. அப்போது அவருக்கு வயது 79.

பதினாறு வயதில் வானொலி

மத்கரி 1938 நவம்பர் 17 அன்று பம்பாயில் பிறந்தார். 1955-ல் அவர் எழுதிய ‘வேடி மாணசே’ என்ற ஓரங்க நாடகம் பம்பாய் வானொலியில் ஒலிபரப்பானது. ‘பைத்தியக்கார மனிதர்கள்’ என்பது அந்தப் பெயரின் பொருள். மற்றப் பையன்கள் பரீட்சைக்குப் பாடம் உருப்போடும் வயது அது.

1958-ல் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினார். பாங்க் ஆப் இந்தியாவில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு வங்கி வேலை என்றால் வீட்டில் விளக்கேற்றிய மாதிரி. மாதம் தவறாத சம்பளம். 1969-ல் நாட்டுடைமை ஆன 14 வங்கிகளில் அதுவும் ஒன்று என்பதால், பிறகு வேலைக்கு இன்னும் மதிப்புக் கூடியது. கதை எழுதுகிற பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதைவிட என்ன நிம்மதி வேண்டும்?

மத்கரி அந்த வேலையில் சுமார் இருபது ஆண்டுகள் இருந்தார். நாடகத்தையும் விடவில்லை. பகல் பொழுது வங்கிக் கணக்குக்கு. மிச்ச நேரம் எழுத்துக்கும் ஒத்திகைக்கும். உத்தியோகம் பார்த்துக்கொண்டே சங்கத்திலோ சபாவிலோ ஏதாவது செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இது எத்தனை பாடு என்று விளக்கத் தேவை இல்லை. ஆபீசில் அசதி, வீட்டுக்கு வந்தால் ரேஷன், பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு மணியார்டர். அதற்கு மேல் எழுதுகிறவன் தூக்கத்தில் இருந்துதான் நேரத்தைத் திருட வேண்டும்.

கைக்காசு போட்ட நாடகம்

1959-ல் சுதா கர்மார்க்கர் என்ற நடிகை, சிறுவர் நாடகத்துக்கென்றே ஒரு மேடை தொடங்கினார். அதில் அவர் நடத்திய முதல் நாடகம் ‘மதுமஞ்சரி’. எழுதியவர், வங்கியில் சேர்ந்து ஓராண்டே ஆன மத்கரி.

அதுவரை சிறுவர் நாடகம் என்றால் பெரும்பாலும் பள்ளி ஆண்டு விழா அயிட்டம்தான். அட்டைக் கிரீடம், ஒப்பிக்கும் வசனம், கடைசியில் ஒரு நீதி. இவர்கள் நடத்தியது வேறு. முறையான அரங்கு, முறையான ஒளி அமைப்பு, தேர்ந்த நடிகர்கள், டிக்கெட். பெரியவர்களுக்கு எத்தனை சிரத்தை எடுப்போமோ அத்தனையும் சின்னவர்களுக்கும் எடுக்கவேண்டும் என்ற பிடிவாதம் அதில் தெரிந்தது.

சில ஆண்டுகளில் மத்கரி ‘பாலநாட்டிய’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். எழுதுவது, இயக்குவது, தயாரிப்பது எல்லாம் அவரே. முப்பது ஆண்டுகளில் 22 சிறுவர் நாடகங்களை அந்தக் குழு மேடை ஏற்றியது. செலவு அவர் கையில் இருந்துதான்.

சிறுவர் நாடகத்தில் பணம் வராது. கூட்டம் வருவது கோடை விடுமுறையிலும் தீபாவளி விடுமுறையிலும். டிக்கெட் விலையை ஏற்றினால் நாலு பிள்ளைகள் உள்ள குடும்பம் வராது. ஆனால் அரங்கு வாடகை, உடை, திரைச்சீலை, லாரி எல்லாவற்றுக்கும் பெரியவர்களின் நாடகத்துக்கு ஆகும் அதே செலவு. வங்கியில் வந்த சம்பளம் ராட்சதனுக்கும் ராஜகுமாரிக்கும் போயிற்று என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

மேலே சொன்ன சூனியக்காரக் கிழவியாக முதலில் நடித்தவர் திலீப் பிரபாவல்கர். பெண் வேடமிட்டுக் குழந்தைகளைச் சிரிக்கவும் நடுங்கவும் வைத்தவர். 2006-ல் வந்த ‘லகே ரஹோ முன்னாபாய்’ இந்திப் படத்தில் காந்தியாக வந்தாரே, அவரேதான்! 2018-ல் அந்தக் கிழவி வேடத்தை வைபவ் மாங்லே என்ற நடிகர் போட்டார்.

வேலையை விட்டார்

1978-ல், நாற்பது வயதை நெருங்கும்போது, மத்கரி வங்கி வேலையை விட்டார். அதன் பிறகு முழுநேரமும் எழுத்தும் மேடையும்தான். நாற்பதில் நிலையான சம்பளத்தை விடுவது துணிச்சல் என்று சிலரும், அசட்டுத்தனம் என்று சிலரும் சொல்வார்கள். ஆனால் அவர் இருபது வயதில் கண்மூடிக் குதிக்கவில்லை. இருபது ஆண்டு சம்பளம் வாங்கி, காலை ஊன்றிக்கொண்டு, பிறகு இறங்கினார். இந்த நிதானத்தைக் கவனிக்க வேண்டும்.

சிறுவர்களுக்கு மட்டும் எழுதியவர் அல்ல அவர். பாரதப் போர் முடிந்து திருதராஷ்டிரனும் காந்தாரியும் குந்தியும் விதுரனும் காட்டுக்குப் போன கதையை ‘ஆரண்யக்’ என்று நாடகமாக்கினார். 1974-ல் வந்த அந்த நாடகத்தைத் தமது எண்பதாவது வயதை ஒட்டி மறுபடி மேடை ஏற்றினார். திருதராஷ்டிரனாக ரவி பட்வர்தன், விதுரனாகப் பிரபாவல்கர். மத்கரியின் மனைவி பிரதிபாவும் நடித்தார். முதலில் நடித்தபோது ஒட்டிய நரைமுடி, இரண்டாம் தடவை சொந்த நரையாகவே இருந்தது.

‘லோககதா 78’ வேறு ரகம். கிராமத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது ஆதிக்கக்காரர்கள் நடத்தும் கொடுமையை அதில் மூடி மறைக்காமல் சொன்னார். திகில் கதைகளும் நிறைய எழுதினார். ‘கஹிரே பாணி’ டெலிவிஷன் தொடராகவும் வந்தது.

குழந்தையை முதலீடாகப் பார்ப்பவர்கள்

74-வது வயதில் அவர் முதன்முதலாக ஒரு சினிமாவை இயக்கினார். பெயர் ‘இன்வெஸ்ட்மெண்ட்’. தம்முடைய கதையையே படமாக்கினார். மகன் பெரிய ஆளாக வேண்டும் என்று கனவு காணும் வசதியான பெற்றோர். அந்தப் பையன் உடன் படிக்கும் பெண்ணின் சாவுக்குக் காரணமாகிறான். பெற்றோர் பணத்தையும் செல்வாக்கையும் வைத்து அதை மூடப் பார்க்கிறார்கள். அதுதான் கதை. 2013-ல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த மராட்டியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

அரை நூற்றாண்டு குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர், பெற்றோர் முகத்துக்கு எதிரே இப்படி ஒரு கண்ணாடியைப் பிடித்தார். அவருடைய படைப்புகளில் மிகவும் கசப்பானது இதுவே.

ஏறக்குறைய அதே சமயத்தில் தானாவில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளோடு சேர்ந்து நாடகம் போட ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்து நடிக்க வைக்கவில்லை. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, குடிகார அப்பா, பாதியில் நின்ற படிப்பு என்று தங்கள் வாழ்க்கையை அவர்களே நாடகமாக்கினார்கள். அவர் பக்கத்தில் நின்று திருத்தினார். நர்மதை அணையால் நிலம் இழந்தவர்களின் இயக்கத்துக்கும் அவர் துணை நின்றது உண்டு.

2018-ல் சாகித்ய அகாடமியின் சிறுவர் இலக்கிய விருது அவருக்குக் கிடைத்தது. ‘மதுமஞ்சரி’ மேடை ஏறி 59 ஆண்டுகள் கழித்து!

2020 மே 17 அன்று, கொரோனா நோய் பரவி ஊரே முடங்கிக் கிடந்தபோது, அந்த நோயாலேயே மத்கரி மும்பை ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 81. அரங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கோடை விடுமுறை, சாதாரண ஆண்டாக இருந்தால் சிவாஜி மந்திர் வாசலில் குழந்தைகள் கூட்டம் முண்டியடித்திருக்கும்.

அரங்குகள் திறந்த பிறகு ‘அல்பத்யா கல்பத்யா’ மறுபடியும் மேடைக்கு வந்தது.