மரம் ஏறத் தெரிந்தவனுக்கு மாசம் பூரா வேலை

எங்கள் சிவகாசி பக்கத்துப் பையனிடம் என்ன வேலைக்குப் போகிறாய் என்று கேட்டால் பட்டாசு, அச்சகம், இல்லையென்றால் திருப்பூர் என்பான். மரத்தை நம்பிப் பிழைக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். தேங்காய் விலைக்கு முன்னால் ஏற ஆள் கிடைக்காத கதைதான் வரும்.

வெளிநாட்டில் மரத்தில் ஏறி நோய் பார்த்து, கவாத்து செய்து, காற்றில் விழாமல் காப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. ஆர்பரிஸ்ட் என்கிறார்கள். நான் மர வைத்தியர் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்கு 1924 முதல் சங்கம் உண்டு. தேர்வு, சான்றிதழ் எல்லாம்கூட உண்டு. நம்ம ஊரில் வெட்டத்தான் ஆள் இருக்கு, வைத்தியத்துக்கு இல்லை. கரண்டு கம்பியில் இடிக்கிறது என்று வேம்பையும் புங்கையையும் முழ நீளத்துக்குக் கட்டை விட்டு வெட்டிப் போடுகிறார்கள். அந்தக் கட்டை காய்ந்து உளுத்து, அழுகல் நடுமரத்துக்குள் இறங்கும். அதில் துளிர்க்கும் கொப்பு ஒட்டு பலமில்லாமல் ஒரு காற்றுக்கே பிய்ந்துவிடும்.

அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். மரத்துக்குக் காயம் நம் தோல் போல ஆறுவதில்லை, அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்றார். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அங்கேதான் அந்தச் சுவர் எழும்பும். ஆகவே பெரிய கொப்பை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கொப்பு விழும். மிச்சக் கட்டையைப் புடைப்புக்கு வெளியே, புடைப்பைத் தொடாமல் அறுக்கலாம். தாரோ பெயின்ட்டோ பூசுவதால் அழுகல் நிற்காது.

ஏறும் வித்தை நம்மிடம் புதுசா என்ன? தளைநாரும் பாளை அரிவாளுமாகப் பனையேறியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தானே. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சி இருக்கிறது. கருவியால் ஏறவும் நோய் பார்க்கவும் கற்றுத் தருகிறார்கள். ஏறுபவருக்கு 'கேர சுரக்ஷா' என்று விபத்துக் காப்பீடும் உண்டு.

வங்கியில் கடன் மனு பார்த்தவன் நான். எந்த மாசம் பணம் வரும் என்பதுதான் என் முதல் கேள்வி. மாசி, பங்குனியில் புளி உலுக்கல். கோடையில் பனை. மாங்காய் இறங்கியதும் மாவுக்குக் கவாத்து. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டோர மரங்களின் பாரம் குறைப்பு. ஒன்றரை மாசத்துக்கு ஒருதரம் தென்னை வெட்டு. கை ஓய்வதில்லை.

ஆபத்து இருக்கிறது, மறைக்கவில்லை. கயிறும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏறவே கூடாது. கம்பியோர மரத்தில் மின்வாரியம் சப்ளையை நிறுத்தும்வரை கை வைக்கக் கூடாது.

எங்கள் தோப்புக்கு வரும் பையனின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். இதையெல்லாம் சொன்னேன். கணக்கை ஒத்துக்கொண்டான். "எல்லாம் சரி சார், மரமேறின்னா பொண்ணு குடுப்பாங்களா?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. பயிற்சிக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறான். தோப்புக்காரர்களே, அவன் வந்தால் விறகு வெட்டும் கூலி பேசாதீர்கள்.